நினைச்ச உடனே மெசேஜ் வருது, இதுக்கெல்லாம் அர்த்தம் இருக்கா இல்லையா?

கொல்லிமலைத்தேன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல பேசினா சண்டைல முடியுது அதான் இங்க போடறேன். போன வாரம் பரண்ல இருந்து பழைய டிரங்க் பெட்டிய இறக்கி தூசி தட்டிட்டு இருந்தேன், உள்ள பத்தாவது ஆட்டோகிராப் நோட்டு, அதுல பச்சை மையில ஒருத்தி பக்கம் முழுக்க எழுதியிருந்தா, கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் அவ எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது, நம்பரும் கிடையாது. அவளையே நினைச்சுகிட்டு சமைச்சுட்டு இருக்கேன், சாயங்காலம் தெரியாத நம்பர்ல இருந்து வாட்ஸப், "ஏய் என்னை ஞாபகம் இருக்காடி"ன்னு. அவளேதான்! எனக்கு கை கால் எல்லாம் சிலிர்த்துப் போச்சு. மாமியார் கேட்டுட்டு "அவளுக்கு ஆயுசு நூறு"ன்னாங்க. வீட்டுக்காரர் "காக்கா உக்கார பனம்பழம் விழுந்துச்சு, இதுக்குப் போய் இவ்ளோ ஆர்ப்பாட்டமா"ன்னுட்டு நியூஸ் பாக்கப் போயிட்டார்.

எனக்கு கேக்க வேண்டியது ஒண்ணுதான். இந்த மாதிரி தினசரி நடக்கிற எதேச்சைக்கு எல்லாம் ஏதாவது அர்த்தம் இருக்கா, இல்ல நாமளா கற்பிச்சுக்கறோமா? ஜாதகம் பாத்து சொல்றேன்னு யாரும் இன்பாக்ஸ் வராதீங்க ப்ளீஸ். முட்டாள்னு திட்டவும் வேண்டாம்.

அரைக்காப்பி:
எனக்கும் நடக்கும் மேடம், மேனேஜர நினைச்சா போதும் உடனே கால் வந்துரும். அந்தாளுக்கு ஆயுசு ஆயிரம் இருக்கும் போல.

ஸ்டாட்ஸ் வாத்தி:
நான் காலேஜ்ல புள்ளியியல் எடுக்கிறவன், அதனால என் பதில் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், இருந்தாலும் திட்டாம சொல்றேன்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். எண்ணெல்லாம் நானா வச்சதுதான், உங்களுக்கு பிடிச்ச மாதிரி மாத்திக்கோங்க. உங்க மனசுல வந்து போற ஆளுங்க நூறு பேர், ஒவ்வொருத்தரையும் வாரத்துக்கு ஒரு தடவை நினைக்கிறீங்க. அப்போ மாசத்துக்கு 400 நினைப்பு. ஒவ்வொருத்தரும் மாசம் ஒரு தடவை போனோ மெசேஜோ பண்றாங்கன்னு வைங்க. முழிச்சிருக்கிற நேரம் நாளைக்கு 16 மணி, மாசத்துக்கு 480 மணி, பத்து பத்து நிமிஷமா வெட்டினா 2880 துண்டு. ஒருத்தர நினைச்ச அடுத்த பத்து நிமிஷத்துக்குள்ள அவரே கூப்பிட வாய்ப்பு 2880ல் 1, ரொம்ப கம்மிதான். ஆனா நினைப்பு 400 இருக்கே. 400ஐ 2880ஆல வகுத்துப் பாருங்க, ஏழு மாசத்துக்கு ஒரு தடவை "நினைச்சேன் கூப்பிட்டே"ன்னு சும்மாவே நடக்கணும். ஒரு கோடி பேர் இருக்கிற ஊர்ல தினமும் 46,000 பேருக்கு கை கால் சிலிர்க்கும். இதுல ஒரு ஆவியும் இல்ல டெலிபதியும் இல்ல. மீதி 2879 தடவை நினைச்சும் யாரும் கூப்பிடலயே, அத யாரும் எழுதி வைக்கிறதில்ல, ஃபோரம்ல போடறதும் இல்ல.

கொல்லிமலைத்தேன்:
வாத்தி சார், கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ மாசாமாசம் கூப்பிடற ஆள் இல்லையே. காணாமப் போனவ.

ஸ்டாட்ஸ் வாத்தி:
நியாயமான கேள்வி. அவ ஒருத்திய மட்டும் எடுத்தா வாய்ப்பு ரொம்பவே கம்மி. ஆனா வந்தது அவளா இல்லாம ஹாஸ்டல் ரூம்மேட்டா இருந்தா? பழைய டீச்சரா, முதல் வேலைல பக்கத்து சீட்டா, ஒண்ணுவிட்ட சித்தி பொண்ணா இருந்தா? அப்பவும் இதே இழைய இதே சிலிர்ப்போட ஆரம்பிச்சிருப்பீங்க. அம்பு விழுந்த எடத்துல அப்புறமா வட்டம் வரையறோம் நாம.

லூயிஸ் ஆல்வரெஸ்னு ஒரு அமெரிக்க இயற்பியலாளர், 1968ல நோபல் வாங்கினவர். பேப்பர் படிச்சுட்டு இருக்கும்போது பல வருஷமா நினைக்காத ஒரு பழைய ஆளோட ஞாபகம் வந்திருக்கு, கொஞ்ச நேரத்துல அதே பேப்பர்ல அந்த ஆள் செத்துப்போன செய்தி. மனுஷன் பயப்படல, பேப்பர் பேனா எடுத்து கணக்கு போட்டார். அமெரிக்கா மாதிரி ஒரு நாட்டுல இந்த மாதிரி நாளைக்கு பத்து பேருக்காவது நடக்கும்னு வந்துச்சு, 1965ல சயின்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதமா எழுதிட்டார்.

இன்னொண்ணு, வருஷா வருஷம் முதல் கிளாஸ்ல நான் பண்றது. 23 பேர் இருக்கிற ரூம்ல ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க பாதிக்கு மேல வாய்ப்பு. ஏன்னா 23 பேர்ல ஜோடி மட்டும் 253 வரும். என் கிளாஸ்ல அறுபது பேர், வாய்ப்பு 99 சதவீதத்துக்கு மேல, பந்தயம் கட்டலாம். பசங்க வாய பொளந்துட்டு பாப்பாங்க.

அரைக்காப்பி:
எங்க அப்பா செட்ல இதுக்கு கணக்கே வேணாம் சார். ஸ்கூல்ல சேக்கும்போது ஹெட்மாஸ்டரே மே, ஜூன்ல ஒரு தேதிய போட்டு விட்ருவார். எங்க தெருவுல பாதி பெருசுங்களுக்கு ஜூன்லதான் பொறந்தநாள், சர்டிபிகேட் படி.

ஸ்டாட்ஸ் வாத்தி:
ஹாஹா இது சூப்பர் உதாரணம். வெளியூர்க்காரன் பாத்தா "என்ன அதிசயம், ஒரே தெருவுல இத்தனை பேருக்கு ஒரே மாசம்"னு நினைப்பான், பின்னாடி ஒரு ஹெட்மாஸ்டர் பேனாவோட உக்காந்திருக்கார். கொல்லிமலைத்தேன் மேடம், இதே மாதிரி உங்க கதைலயும் யாராவது பேனாவோட இருக்காங்களான்னு பாக்கணும். நீங்க சொன்ன போன வாரம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம்தானே?

கொல்லிமலைத்தேன்:
ஆமா... பக்கத்து வீட்டுப் பொண்ணு மார்க் வாங்கிட்டு வந்து காமிச்சா, அதப் பாத்துட்டுதான் என் பழைய மார்க் ஷீட்ட தேடறேன்னு பெட்டிய இறக்கினேன். இருங்க அவகிட்டயே கேக்கறேன்.

கொல்லிமலைத்தேன்:
கேட்டேன். அவ பையன் இந்த வருஷம் பிளஸ் டூவாம். ரிசல்ட் பாத்துட்டு அன்னிக்கு பூரா ஸ்கூல் ஞாபகமாவே இருந்துச்சாம், நம்ம ஊர் மளிகைக்கடை அண்ணன்கிட்ட என் நம்பர கேட்டு வாங்கியிருக்கா. சரி வாத்தி சார், பேனா கிடைச்சுடுச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன், ரிசல்ட் பாத்துட்டு ஸ்கூல் ஞாபகம் வந்தவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க, அவளுக்கு ஏன் என் ஞாபகம் வரணும்? நாப்பது பேர் கிளாஸ்ல.

நிழல்மரம்:
இதத்தான் நானும் சொல்ல வந்தேன், வாத்தி எல்லாத்தையும் கால்குலேட்டர்ல போட்டு மூடிட்டார். கார்ல் யுங்னு ஒரு மனநல மருத்துவர் இதுக்குன்னே ஒரு கருத்து வச்சிருந்தார், காரண காரியம் இல்லாம அர்த்தத்தால மட்டும் ரெண்டு சம்பவம் இணையும்னு. 1952ல, உல்ஃப்காங் பவுலியோட கட்டுரையும் சேர்ந்து ஒரே புத்தகமா வந்துச்சு. பவுலி யாருன்னா குவாண்டம் இயற்பியல்ல நோபல் வாங்கினவர், அவர் லேபுக்குள்ள நுழைஞ்சா மிஷின் எல்லாம் ரிப்பேர் ஆகும்னு கூட வேலை செஞ்சவங்களே பேசிக்குவாங்க.

யுங்கோட பிரபலமான கேஸ் ஒண்ணு. ஒரு பெண்மணி, ரொம்ப படிச்சவங்க, எதையும் தர்க்கமாவே பேசுவாங்க, சிகிச்சை ஒரு அடி நகரல. ஒரு நாள் கனவுல தனக்கு தங்கத்துல ஒரு வண்டு நகை கொடுத்தாங்கன்னு சொல்லிட்டு இருக்காங்க. அப்போ ஜன்னல் கண்ணாடில டொக் டொக்னு சத்தம். யுங் ஜன்னல திறந்தா பொன்பச்சைல மினுக்கற ஒரு வண்டு, கையில புடிச்சு "இந்தாங்க உங்க வண்டு"ன்னு நீட்டினார். அன்னிலிருந்து அந்தம்மாவோட இறுக்கம் உடைஞ்சுது. இதுக்கு என்ன வகுத்தல் கணக்கு போடுவீங்க?

ஸ்டாட்ஸ் வாத்தி:
அந்த வண்டு ஐரோப்பால ரோஜாத் தோட்டம் பூரா கிடக்கிற வண்டு, கோடைல நம்மூர் பொன்வண்டு மாதிரி வந்து மோதும். எத்தனை பேர் எத்தனை கனவு சொன்ன ரூம் அது, எத்தனை நாள் ஜன்னல்ல ஒண்ணும் வரல? ஆனா இந்தக் கதைல எனக்கு பிடிச்சது வேற. வண்டு வந்ததுனால அந்தம்மா மாறல, யுங் எழுந்து போய் அத புடிச்சு கைல கொடுத்ததுனால மாறினாங்க. ஜன்னல சாத்தியே வச்சிருந்தா வெறும் வண்டு.

நிழல்மரம்:
அப்போ அர்த்தம் இருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்க 🙂

ஸ்டாட்ஸ் வாத்தி:
டாக்டர் திறமைசாலின்னு ஒத்துக்கறேன்.

வெண்பூசணி:
எனக்கு வேலையே ஆன்லைன் விளம்பரத்துல. "பிரெண்டுகிட்ட ஏர் ஃப்ரையர் பத்தி பேசினேன், அடுத்த நிமிஷம் விளம்பரம், போன் ஒட்டுக் கேக்குது"ன்னு தினமும் யாராவது என்கிட்ட சண்டைக்கு வராங்க. பாதி நேரம் அந்த பிரெண்டு அதத் தேடியிருப்பான், ரெண்டு பேரும் ஒரே வைஃபைல இருப்பீங்க, வயசு ஊர் வருமானம் எல்லாம் ஒண்ணு, அந்த கம்பெனி அந்த வாரம் உங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் அதே விளம்பரத்த அள்ளி விட்டிருக்கும், நீங்க பேசினதே அதப் பாத்துட்டுதான்னு கூட இருக்கலாம். மீதி பாதி, விளம்பரம் ஏற்கனவே பத்து தடவை வந்து போயிருக்கும், பேசின அப்புறம்தான் கண்ணுக்கு படும். புதுசா நீலக் கலர் ஸ்கூட்டி வாங்கினா ஊர் பூரா நீல ஸ்கூட்டியா தெரியுமே அது மாதிரி. இதப் பத்தி ஆர்னால்ட் ஸ்விக்கின்னு ஒரு மொழியியலாளர் 2005ல 'ஃப்ரீக்வென்சி இல்யூஷன்'னு பேர் வச்சு எழுதினார், அந்தப் பேர்தான் இப்போ எல்லா எடத்துலயும் ஓடுது. ஆனா அதுக்கு முன்னாடியே 1994ல ஒரு அமெரிக்க பேப்பர்ல வாசகர் ஒருத்தர் இதே அனுபவத்த எழுதிட்டார். ஒரு ஜெர்மன் தீவிரவாத குழுவோட பேர ஒரே நாள்ல ரெண்டு தடவை கேட்டுட்டாராம், அதனால பாடர் மைன்ஹாஃப்னு அதுக்கு இன்னொரு பேரும் இருக்கு.

பாட்டு ஷஃபிள்லயும் இதே கதைதான். உண்மையான ரேண்டம்ல ஒரே மியூசிக் டைரக்டர் பாட்டு அடுத்தடுத்து மூணு வரும், ஜனங்க "இது ரேண்டமே இல்ல"ன்னு கம்ப்ளைன்ட் பண்ணாங்க, கடைசில ஸ்பாட்டிஃபைகாரங்க வேணும்னே கலைச்சு பரப்பற மாதிரி மாத்த வேண்டியதாப் போச்சு.

அரைக்காப்பி:
மணி பாத்தா எனக்கு 11:11 மட்டும்தான் சார் தெரியுது. 11:12 ஆகும்போது நான் எங்க இருப்பேன்னே தெரியல.

வல்லைவெளி:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில. வாசிச்சுக் கொண்டு மட்டும்தான் இருந்தன், ஆனா ஒரு கதை சொல்லோணும் போல கிடக்கு. என்ட அம்மம்மா மோசம் போன அண்டு இரவு வீட்டுச் சுவர் மணிக்கூடு நிண்டு போச்சு. சொந்தக்காரர் எல்லாரும் பாத்தவை. அம்மா இண்டைக்கும் அதச் சொல்லி அழுவா. வாத்தியார் இதுக்கு என்ன சொல்லுவீங்களோ எண்டு கேக்கப் பயமாயும் கிடக்கு.

ஸ்டாட்ஸ் வாத்தி:
அண்ணா, உங்க அம்மாகிட்ட சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு மட்டும் ஒரு கதை. ரிச்சர்ட் ஃபைன்மன்னு ஒரு அமெரிக்க இயற்பியலாளர், அவரோட மனைவி ஆர்லின் 1945ல காசநோய்ல இறந்தாங்க. ஆஸ்பத்திரி ரூம்ல அவங்க தலைமாட்டுல ஒரு கடிகாரம், இவர்தான் வாங்கிக் கொடுத்தது. அவங்க உயிர் போன நிமிஷத்துல அது நின்னு போயிருந்துச்சு. ஃபைன்மன் கொஞ்ச நேரம் யோசிச்சார். அந்த கடிகாரம் ரொம்ப லொடலொட, அவரே நாலஞ்சு தடவை திறந்து சரி பண்ணியிருக்கார். நர்ஸ் சர்டிபிகேட்ல நேரம் எழுத, வெளிச்சம் பத்தாம அத கையில தூக்கித் திருப்பிப் பாத்திருப்பாங்க, அதுல நின்னிருக்கும்னு முடிவுக்கு வந்தார். பொண்டாட்டி செத்த ராத்திரி ஒருத்தன் இப்படி யோசிச்சானேன்னு சிலருக்கு கோவம் வரும். எனக்கு அந்தாள் மேல பாசம்தான் வந்துச்சு.

வல்லைவெளி:
ஓம், சாவீட்டில சனம் கூடேக்க ஆரோ மணிக்கூட்டைத் தட்டியிருப்பினம், சாவி குடுக்கவும் ஆருக்கும் ஞாபகம் இருந்திராது. விளக்கம் விளங்குது. ஆனா அந்த மணிக்கூட்டை நாங்கள் திருத்தேல்ல, சாமான் ஏத்தேக்க அம்மா அதையும் கொண்டு வந்திட்டா.

சிவப்புத்தாவணி:
எல்லாரும் இனிமையா பேசிட்டு இருக்கீங்க, நான் கொஞ்சம் கசப்பா பேசறேன். எதேச்சைக்கு அர்த்தம் சொல்றது உங்களுக்கு சிலிர்ப்பு, எங்க அத்தைக்கு அது தண்டனை. இருபத்தி ஆறு வயசுல புருஷன் போனதுல இருந்து, வீட்ல யாராவது நல்ல காரியத்துக்கு கிளம்பினா அத்தை அடுப்படிக்குள்ள போய் கதவ சாத்திக்குவாங்க. ஒரு தடவை அவங்க எதிர்ல வந்தப்போ, இன்னொரு மாமா வாங்கப் போன நிலம் முடியல. அவ்ளோதான். நிலம் முடியாததுக்கு மாமா கையில பணம் பத்தலங்கிறதுதான் காரணம், அது எல்லாருக்கும் தெரியும். அத்தை எதிர்ல வந்தும் அதே மாமா கிளம்பிப் போய் முடிச்ச வேலை எத்தனையோ இருக்கும், அத யாரும் எண்ணல. வாத்தி சார் சொன்னாரே எழுதி வைக்காத 2879, அதுக்குள்ள எங்க அத்தை மாதிரி நிறைய பேர் இருக்காங்க.

ஸ்கின்னர்னு ஒரு உளவியல்காரர் 1948ல புறா வச்சு ஒரு சோதனை பண்ணார். பசியோட இருக்கிற எட்டு புறா, அதுங்க என்ன பண்ணாலும் பண்ணாட்டியும் குறிப்பிட்ட இடைவெளில தீனி தானா வரும். கொஞ்ச நாள்ல ஆறு புறாவுக்கு ஒவ்வொரு சடங்கு வந்துடுச்சு. ஒண்ணு கூண்டுக்குள்ள இடப்பக்கமாவே சுத்துது, ஒண்ணு மூலைல தலைய தூக்கி தூக்கி இடிக்குது, தீனி வந்தப்போ எதேச்சையா பண்ணிட்டு இருந்தத பிடிச்சுக்கிச்சு. புறாவாவது தன் கழுத்த மட்டும்தான் ஆட்டுச்சு. நாம அடுத்தவங்கள கதவுக்குள்ள போடறோம்.

கொல்லிமலைத்தேன்:
படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. எங்க மாமியாரும் இப்படி சில பேரப் பாத்தா நின்னுட்டு கிளம்புவாங்க, நான் வாய மூடிட்டு பின்னாடியே போவேன்.

நிழல்மரம்:
சகுனமும் நான் சொல்றதும் ஒண்ணு இல்ல. நான் அடுத்தவங்கள கெட்டதுன்னு சொல்லவே இல்ல. என் வாழ்க்கைல நடக்கிறது எனக்கு என்ன சொல்லுதுன்னு கேக்கறேன்.

சிவப்புத்தாவணி:
மாமாவும் அதேதான் கேட்டார்.

மாடரேட்டர்:
விவாதம் நல்லா போகுது, தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். கேரளா லாட்டரி நம்பர் கனவுல வந்துச்சுன்னு போட்ட மூணு பதிவ தூக்கியாச்சு.

ஊசிமருந்து:
நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல கிராம சுகாதார செவிலியர். வாத்தி சார் பேசறது எல்லாம் எனக்கு ஏத்துக்க முடியுது, ஆனா ஒரு பயம். எல்லாத்தையும் "எதேச்சை, பெரிய எண்ணிக்கைல நடக்கும்"னு சொல்லப் பழகிட்டா எங்க வேலைல ஆள் செத்துருவாங்க. ஒரே தெருவுல ஒரே நாள்ல ரெண்டு புள்ளைக்கு வாந்தி பேதி. எதேச்சையா இருக்கலாம். கல்யாண வீட்ல சாப்டிருக்கலாம். ஆனா நான் ஓஆர்எஸ் குடுத்துட்டு சும்மா வர மாட்டேன், ரெண்டு வீட்டுக்கும் தண்ணி எந்த லைன்ல வருதுன்னு கேப்பேன். ஒரு தடவை அப்படி கேட்டதுல குடிதண்ணி பைப்பு சாக்கடைக்குள்ள உடைஞ்சு கிடந்தது தெரிஞ்சுது, அன்னிக்கு சாயங்காலமே லைன நிறுத்தி லாரி தண்ணி விட்டோம்.

எங்களுக்கு டிரெயினிங்ல சொல்லிக் குடுத்த கதை, 1854ல லண்டன்ல காலரா வந்தப்போ ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டர் செத்தவங்க வீடு எங்கெங்க இருக்குன்னு விசாரிச்சார், கிட்டத்தட்ட எல்லாம் பிராட் ஸ்ட்ரீட் அடிபம்ப சுத்தியே இருந்துச்சு, அப்புறம் அத மேப்புலயும் குறிச்சார். அப்போ நிறைய பேர் கெட்ட காத்துதான் காரணம்னு நம்பினாங்க. அவர் பம்ப் கைப்பிடிய கழட்ட வச்சார். "பம்ப் பக்கத்துல இருக்கிறது தற்செயல்"னு விட்டிருந்தா?

ஸ்டாட்ஸ் வாத்தி:
மேடம் உங்களுக்கு ஒரு சல்யூட். இதுல நமக்குள்ள சண்டையே இல்ல. அதே லண்டன்ல இன்னொரு கதை. 1944ல ஜெர்மன்காரங்க பறக்கும் குண்டு விட்டாங்க, சில ஏரியாலயே திரும்பத் திரும்ப விழுதுன்னு ஜனங்களுக்கு சந்தேகம், குறி வச்சு அடிக்கிறான்னு. போர் முடிஞ்சு 1946ல ஆர்.டி. கிளார்க்னு ஒரு இன்ஷூரன்ஸ் கணக்காளர் தெற்கு லண்டன 576 கட்டமா பிரிச்சு, விழுந்த 537 குண்டையும் எண்ணினார். ஒண்ணுமே விழாத கட்டம் 229. குருட்டுத்தனமா விழுந்தா எத்தனை கட்டம் காலியா இருக்கணும்னு சூத்திரத்துல போட்டா சுமார் 227. அதாவது குறி வச்சதா அந்தக் கணக்குல தெரியல, சிதறி விழுந்தாலே அப்படித்தான் கொத்து கொத்தா தெரியும்.

ஸ்னோ பாத்ததும் கொத்து, குண்டும் கொத்து. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எண்ணிப் பாத்தாதான் வித்தியாசம் தெரியும். நீங்க தண்ணி லைன கேட்டீங்க, அதனால அது வேலை. அந்த மாமா கேக்கல, வீட்டுக்காரங்களையே அடைச்சார்.

வெண்பூசணி:
வானியலாளர் ஹாலியும் இதே ரகம்தானே. 1531, 1607, 1682 மூணு வருஷத்துலயும் வந்த வால்நட்சத்திரத்தோட பாதை ஒண்ணு போல இருக்கு, இடைவெளியும் கிட்டத்தட்ட ஒண்ணு. எதேச்சைன்னு விட்டிருக்கலாம். அவர், மூணும் ஒரே வால்நட்சத்திரம்தான், அதுதான் திரும்பத் திரும்ப வருது, 1758ல திரும்பவும் வரும்னு எழுதி வச்சார். 1742ல அவர் செத்துட்டார். 1758 கிறிஸ்துமஸ் ராத்திரி வந்துச்சு.

நிழல்மரம் அண்ணே, கோச்சுக்காதீங்க, உங்களுக்கும் எனக்கும் நடுவுல வித்தியாசம் இவ்ளோதான். உங்க வண்டு எப்போ அடுத்து வரும்னு யுங் சொல்லல.

நிழல்மரம்:
கோவம் இல்லப்பா. ஆனா எல்லாமே திரும்ப வந்தாதான் மதிப்புன்னா மனுஷ வாழ்க்கைல முக்கியமானது எதுவுமே மதிப்பில்லாம போயிடும். நான் என் மனைவிய பாத்தது பஸ் மாறி ஏறினதால. அத நான் எந்த லேப்ல திருப்பி நடத்திக் காட்ட? பஸ் மாறி ஏறினது எதேச்சைதான், ஒத்துக்கறேன், விதின்னு சொல்லல. ஆனா அத "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ல என் நாக்கு வராது.

ஸ்டாட்ஸ் வாத்தி:
அத ஒண்ணும் இல்லன்னு நானும் சொல்ல மாட்டேன். காரணம் இல்லன்னுதான் சொல்வேன்.

அரைக்காப்பி:
ஒண்ணு கவனிச்சீங்களா, இந்த இழைல ஆளாளுக்கு அவங்கவங்க கதைய போடறீங்க, அடுத்தவன் கதைக்கு யாரும் சிலிர்க்கல. நான் 11:11 சொன்னேன் ஒரு லைக் கூட இல்ல.

ஸ்டாட்ஸ் வாத்தி:
இத ஆராய்ச்சியே பண்ணிட்டாங்க தம்பி. ரூமா ஃபால்க்னு இஸ்ரேல்ல ஒரு ஆய்வாளர், தனக்கு நடந்த எதேச்சைய ஆளுங்க பெருசா நினைக்கிறாங்க, அதே மாதிரி அடுத்தவனுக்கு நடந்தா அவ்ளோவா ஆச்சரியப்படறதில்லன்னு 1989ல எழுதினாங்க.

முல்லைக்கொடி டீச்சர்:
ரிட்டயர்டு தமிழாசிரியை. இத்தனை நேரம் படிச்சுட்டு இருந்தேன், ஒண்ணு சொல்லாம விட முடியல. எதேச்சைய நாம காத்திருந்து வாங்கின காலம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு விரிச்சி கேக்கறதுன்னு பேர், தொல்காப்பியத்துலயே வருது, படை கிளம்பறப்போ கேப்பாங்க. முல்லைப்பாட்டுல அழகா ஒரு காட்சி. பத்துப்பாட்டுலயே சின்னது, 103 அடிதான். தலைவன் போருக்கு போயிருக்கான், தலைவி தவிக்கிறா, மழை பெஞ்ச ஒரு சாயங்காலம். வயசான பெண்கள் நாழி நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துகிட்டு ஊர் ஓரத்துக்குப் போய், தூவி, கும்பிட்டு, நிக்கறாங்க. யாரோ யார்கிட்டயோ பேசற ஒரு வார்த்தை காதுல விழணும், அதுதான் குறி. அங்க ஒரு இடைப்பொண்ணு, குளிர்ல தோள கட்டிகிட்டு நிக்கறவ, தாயக் காணாம தவிக்கிற கன்னுக்குட்டிகிட்ட "இப்போ வந்துருவாங்க உங்க அம்மா, கோவலர் ஓட்டிகிட்டு வராங்க"ன்னு சொல்றா. கிழவிங்க உடனே ஓடி வந்து தலைவிகிட்ட, நல்ல வார்த்தை கேட்டோம்மா, உன் புருஷன் ஜெயிச்சுட்டு வந்துருவான், அழாதேன்னு சொல்றாங்க.

சிவப்புத்தாவணி, நீங்க சொன்ன சகுனத்துக்கும் இதுக்கும் உள்ள தூரத்த பாருங்க. இதுல யாரும் அடுப்படிக்குள்ள போகல.

சிவப்புத்தாவணி:
டீச்சர் அருமை. கெட்ட வார்த்தை விழுந்திருந்தா அந்த கிழவிங்க என்ன பண்ணியிருப்பாங்க?

ஸ்டாட்ஸ் வாத்தி:
இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருப்பாங்க. நல்லது விழற வரைக்கும் நிக்கறது, விழுந்ததும் நிறுத்திக்கறது, என் பசங்க ப்ராஜெக்ட்ல இதே வேலைய பண்ணி மார்க் கேப்பாங்க.

நிழல்மரம்:
டீச்சர், தலைவன் வந்தானா இல்லையா அத சொல்லுங்க.

முல்லைக்கொடி டீச்சர்:
வந்தான். பாட்டு முடியும்போது தேர்க்குதிரை சத்தம் அவ காதுல நிறையுது.

நிழல்மரம்:
பாத்தீங்களா! விரிச்சி பலிச்சுடுச்சு. வாத்தி, சொல்லுங்க இப்போ.

ஸ்டாட்ஸ் வாத்தி:
நிழல்மரம் அண்ணே, சாயங்காலம் மாடு வீட்டுக்கு வர்ற நேரம். இடையர் குடியிருப்பு பக்கத்துல போய் நின்னா தினமும் அந்த வார்த்தைதான் காதுல விழும். முல்லைத்திணைல தலைவன் கார்காலத்துல திரும்பறேன்னு சொல்லிட்டுதானே போவான், மழைக்காலம் வந்தாச்சு, அவனும் வரணும். ரெண்டுக்கும் நேரம்தான் பேனா. டீச்சர் தப்பா எடுத்துக்காதீங்க.

முல்லைக்கொடி டீச்சர்:
ஏன் தப்பா எடுக்கணும். எந்த நேரத்துல எந்தப் பக்கம் போய் நிக்கணும்னு அந்த கிழவிங்களுக்கு தெரியும்ங்கிறேன், அவ்ளோ வருஷம் மாட்டோட வாழ்ந்தவங்க. நல்ல சேதி கேக்கணும்னுதான் போறாங்க, கேட்டுட்டு வராங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் தலைவிய விட்டுட்டீங்க. கிழவிங்க வந்து சொன்ன அப்புறமும் அவ சமாதானம் ஆகல. திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியும் கேக்காம கண்ணீர் முத்து முத்தா கொட்டிட்டு இருக்கா, பாட்டுல அப்படித்தான் இருக்கு.

ஸ்டாட்ஸ் வாத்தி:
அட, அப்போ தலைவி என் கட்சி.

முல்லைக்கொடி டீச்சர்:
உங்க கட்சியும் இல்ல, நிழல்மரம் கட்சியும் இல்ல. மாடு தினம் சாயங்காலம் வீட்டுக்கு வரும். அவ புருஷன் தினம் வர்றவன் இல்லையே. அது அவளுக்குத் தெரியும்ல.